பெயர் சொல்லாத சாவுச் செய்தி

சூரமங்கலத்தில் வேதக்காரரான கிறிஸ்தவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் பந்தல்காரருக்குச் சொல்வார்கள், அடுத்தது அக்சிலியாவுக்கு. சாமியாருக்குக்கூட அதற்குப் பிறகுதான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பந்தல் போட நேரம் பிடிக்கும், கண்ணீர் அஞ்சலி அச்சாகி வர நேரம் பிடிக்கும். சாமியார் எப்படியும் வந்துவிடுவார்.

டவுன் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டிய சந்தில்தான் அக்சிலியாவின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்கள் உட்கார இரண்டு ஸ்டூல். கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு அட்டை, புது வீடு மந்திரிப்பு அழைப்பு எல்லாம் அடிப்பாள். ஆனாலும் சாவு வேலையில்தான் அவள் கை பேசும். ரேஷன் கார்டில் மங்கிக் கிடந்த முகத்தைக்கூட, இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி எழுப்பிக் கொடுத்துவிடுவாள். அழுதுகொண்டு வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் அழுதுவிட்டுப் போவார்கள்.

"செத்தவங்க ஊருக்கு நீதாண்டி விஏஓ. உன் சான்று இல்லாம ஒருத்தரும் உள்ள போக முடியாது" என்பார் கணவர் ஜெபஸ்டின்.

"நீங்க போறப்ப நல்ல போட்டோவா ஒண்ணு வெச்சிருங்க. இந்த மூஞ்சிய வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள் இவள்.

அக்சிலியா பிறந்தது ரயில்வே காலனியில், மேற்கு லைனில். அப்பா பாயின்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக வரிசை வீடுகள். பகலில் யாராவது ஒரு வீட்டில் இரவு டூட்டி முடித்த ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் அந்தக் காலனிப் பிள்ளைகள் கத்தாமல் விளையாடக் கற்றவர்கள். கிறிஸ்துமஸ் வந்தால் லோகோ ஷெட் பக்கம் போய் எஞ்சினில் எரிந்து கட்டியான கரிச்சிட்டத்தைக் கோணியில் அள்ளி வந்து குடிலுக்கு மலை கட்டுவார்கள். குழந்தை சேசு மாட்டுக்கொட்டகையில் பிறந்தார் என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். மேற்கு லைன் பிள்ளைகளுக்கு அவர் பிறந்தது என்னவோ கரி மலையில்தான்.

அந்த வீடுகள் இப்போது இல்லை. இடித்தாயிற்று. இருந்தவர்கள் பெரம்பூர், போத்தனூர், பொன்மலை, பெங்களூர் என்று தண்டவாளம் போன பக்கமெல்லாம் போய்விட்டார்கள். அக்சிலியாதான் மேற்கு லைன் பிள்ளைகள் என்று முகநூலில் ஒரு குழுவை ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். பிறகு ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் வந்து காலனியே உள்ளே வந்துவிட்டது. கறையான் தின்ற படம், பாதி கிழிந்த படம் எதை யார் அனுப்பினாலும் அக்சிலியா துடைத்துச் சீர்பண்ணிப் போடுவாள். உடனே கீழே பேச்சு ஆரம்பமாகும். பின்னால் தெரிகிற சைக்கிள் யாருடையது, கொடியில் காய்கிற சேலை யாருடையது என்று நாள் கணக்கில் இழுபடும். இடித்துப்போட்ட காலனி அந்த ஒரு இடத்தில்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சாவிக்கொத்து அக்சிலியாவின் இடுப்பில் இருந்தது என்றே சொல்லலாம்.

அன்றைக்கு மத்தியானம் சோறு உண்டு கை கழுவி வந்து உட்கார்ந்தாள். குழுவில் இன்னாசிமேரி பேரில் ஒரு செய்தி வந்திருந்தது. இன்னாசிமேரி காலனியில் இவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரி, இவள் வயசுக்காரி, இப்போது பெரம்பூரில் இருக்கிறாள்.

'யார் போய்விட்டார்கள் பார்த்தீர்களா? நம் எல்லோருக்கும் தெரிந்தவர்தான். நம்பவே முடியவில்லை.'

அதையொட்டி அழுகிற முகங்கள் வரிசையாக. கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க்.

அக்சிலியா ஏமாளி என்று நினைத்தால் அது தப்பு. பரிசு விழுந்தது, பார்சல் வந்தது, பேங்க் கணக்கு முடங்கியது என்று எத்தனை லிங்க் வந்திருக்கும்! ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. குழுவில் யாராவது அப்படி எதையாவது போட்டால் உடனே எடுத்துவிட்டு, போட்டவரைப் போனில் கூப்பிட்டு வைவாள். ஆனால் இது சாவு. காலனியில் சாவு என்று காதில் விழுந்தால் அடுப்பை அணைக்கக்கூட நிற்க மாட்டார்கள், போட்டது போட்டபடி ஓடுவார்கள். அந்த வளர்ப்பு அவளுக்கு. அதோடு, அஞ்சலி அடித்து அடித்துப் பழகிய கை அது. சாவுச் செய்தியைக் கண்டால் அவள் யோசிக்கும் முன்னே கை போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் கூட்டாளி அற்புதராஜ் மாமா, ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு போகிற கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், மகள் வீட்டோடு போத்தனூரில் இருப்பவர், நெஞ்சில் ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். 'நம்பவே முடியவில்லை' என்ற வரியைப் படித்ததும் அவள் மனசு நேரே அந்தக் கட்டிலுக்குப் போய்விட்டது.

லிங்கை அமுக்கினாள். படம் பார்க்க மறுபடியும் உள்ளே வர வேண்டும் என்று பேரும் பாஸ்வேர்டும் கேட்டது. போட்டாள். வீடியோ ஓட ஒரு சின்ன சாமானை ஏற்றிக்கொள்ளச் சொன்னது. ஏற்றினாள். பிறகு வெறும் வெள்ளைத் திரை. நெட்டு மெதுவாக இருக்கிறது போல என்று நினைத்தாள். காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்குமா? கறுப்புக் கட்டம் போட்ட பழைய அஞ்சலியைத் திறந்து, கார்டு உடுப்பில் மாமா சிரிக்கிற படத்தை எடுத்து உள்ளே வைத்து, தோளைச் சரிபண்ணத் தொடங்கினாள். கண் நிறைந்து திரை தெரியவில்லை.

போன் அடித்தது. இன்னாசிமேரி.

"அக்சிலியா, யாருடி போனது? சீக்கிரம் சொல்லு."

"அதை நீதானடி சொல்லணும்?"

"நானா? நீதான போட்டிருக்க!"

"நான் எங்கடி போட்டேன்? உன் பேர்லதான் வந்துச்சு. நான் இங்க அழுதுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"யாருக்கு அழுவற?"

அக்சிலியா திரையைப் பார்த்தாள். கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து அற்புதராஜ் மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

குழுவைத் திரும்பிப் பார்த்தாள். அதே வரி, அதே அழுகிற முகங்கள், அதே நீல எழுத்து. இந்தத் தடவை அக்சிலியா பேரில், அவள் படத்தோடு. அவள் சொன்னால் சாவு உறுதி என்று நம்புகிறவர்கள் அத்தனை பேரும் அதற்குக் கீழே கூடியிருந்தார்கள். 'ஐயோ சேசுவே' என்று ஒருவர். 'எப்போது எடுக்கிறார்கள்' என்று ஒருவர். லிங்கைத் தொட்டுவிட்டுத்தான் எழுதினார்களா, தொடாமல் எழுதினார்களா, அது சேசுவுக்குத்தான் வெளிச்சம்.

காலனிக் கோயிலில் உபதேசியார் துக்க மணி அடித்தால் குழாயடியில் நிற்கிற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, "யாருக்கு உபதேசியாரே?" என்று சத்தம் போடுவார்கள். உபதேசியார் கயிற்றை விடாமலே பேரைச் சொல்வார், எந்த வீடு என்று சொல்வார். அதைக் கேட்ட பிறகுதான் முந்தானை முக்காட்டுக்கு ஏறும், அதன் பிறகுதான் ஓட்டம். மேற்கு லைனில் பெயரில்லாமல் ஒரு சாவு நடந்ததே கிடையாது. அக்சிலியாவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேரும் பேர் கேட்காமலே அழுதிருக்கிறார்கள். அவளே முதல் ஆளாக அழுதிருக்கிறாள்.

பக்கத்துக் கடை தமிழரசுவைக் கூப்பிட்டாள். ராசிபுரத்துக்காரர், தறிக்காரக் குடும்பம். இங்கே செல்போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பார்க்கிறவர். வந்தவர் ஒன்றும் கேட்காமல் முதல் வேலையாக நெட்டு வயரைப் பிடுங்கினார்.

"நூல் சிக்குனா இழுக்கக் கூடாதுங்க்கா. மொதல்ல தறியை நிறுத்தணும். எதை அமுக்குனீங்க?"

"சாவுச் செய்தி."

"பாஸ்வேர்டு கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"போட்டீங்களா?"

"செத்தது யாருன்னு தெரிய வேண்டாமா?"

"அப்புறம் ஏதாச்சும் ஏத்தச் சொல்லியிருக்குமே?"

"சொல்லுச்சு."

"அதையும் ஏத்திட்டீங்க."

"என்ன தமிழரசு, பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியார் மாதிரி உக்காந்துக்கிட்டு! ஆமா, ஏத்திட்டேன். அபராதம் என்னன்னு சொல்லு."

அவர் தன் செல்போனில் அவள் கணக்குக்குள் போகப் பார்த்தார். பழைய பாஸ்வேர்டு செல்லவில்லை. அதற்குள் மாற்றிவிட்டிருந்தார்கள்.

"கைமாறிப் போச்சுங்க்கா. நீங்க பாஸ்வேர்டு போட்டது உங்க முகநூல்லயே இல்லைங்க. அதே மாதிரி சோடிச்சு வெச்ச வேற பக்கம். இன்னாசிமேரியம்மா எங்கயோ இதே மாதிரி அமுக்கியிருப்பாங்க. அவங்க கணக்கு உங்க குழுவுல போட்டுச்சு. நீங்க அமுக்குனீங்க, இப்ப உங்க கணக்கு போடுது. கணக்கைத் திரும்ப வாங்க எழுதிப் போடலாம், அதுக்கு நாளாகும். இப்ப அவசரம் வேற ஒண்ணு. குழு யார் கையில இருக்குதுங்க?"

"என் கையில."

"உங்க கை இப்ப அவங்க கை. வேற அட்மின் இருக்காங்களா?"

இருந்தார். மரியாதைக்காக மாமாவையும் ஓர் அட்மினாக அவள் போட்டு வைத்திருந்தாள். காலையில் ரோசாப்பூப் படம் அனுப்புவதைத் தவிர அவர் அந்தப் பதவியில் ஒன்றும் செய்தவரில்லை.

"உடனே கூப்பிடுங்க. அவங்க முந்திக்கிட்டா அவரை வெளிய தள்ளிடுவாங்க. அப்புறம் குழு மொத்தமும் அவங்களுதுதான். போட்டோ, ஆளுங்க, எல்லாமும்."

நம்பரைப் போட்டுவிட்டுக் காதில் வைக்க அக்சிலியாவுக்குத் தைரியம் வரவில்லை. மாமா இல்லாமல் போயிருந்தால்? வேறு யாராவது எடுத்து, ஆமாம்மா, போயிட்டார் என்று சொன்னால்? அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?" என்றது கரகரத்த குரல்.

"மாமா... இருக்கறீங்களா?"

"இல்லாம, ஆவியா பேசுது? தோத்திரம் சொல்றதை விட்டுட்டுக் கேக்கற கேள்வியப் பாரு! ஆமா, யாருடி போனது? நீ போட்டதை இப்பத்தான் பார்த்தேன். இந்த நர்ஸம்மா கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டா. இப்பத்தான் கெடைச்சுது. நீலமா இருக்குதே, அதைத்தான் அமுக்கப் போறேன்."

"அமுக்காதீங்க!"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னாள். மாமாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் கார்டு வேலை பார்த்தவர். ஆபத்து என்றால் விளக்கம் கேட்காமல் முதலில் வண்டியை நிறுத்துகிற பழக்கம் இருந்தது.

"என்ன செய்யணும் சொல்லு."

"குழுவுல ஆளுங்க பேர் வரிசை இருக்கும். அதுல என் பேரைப் பாருங்க. பக்கத்துல மூணு புள்ளி. அதைத் தொட்டா வெளிய தள்ளுன்னு வரும்."

"உன்னைத் தள்ளறதா?"

"ஆமா மாமா."

"நீ கட்டுன ஊடுடி அது. நான் உன்னைத் தள்ளறதா?"

"அங்க நிக்கறது நான் இல்ல மாமா. என் சேலையக் கட்டிக்கிட்டு எவனோ நிக்கறான். இன்னாசிமேரி பேரையும் தூக்குங்க. ஆனா மொதல்ல என்னை."

அந்தப் பக்கம் மாமா ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் யாரோ சாப்பாட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"நிச்சயமான்னு கேக்குதுடி."

"நிச்சயம்னு அமுக்குங்க."

"குடிச்சிட்டு ஏறுனான்னு என் சொந்த மச்சானையே கார்டு பெட்டியில இருந்து எறக்கிவிட்டவன் நான். அப்பக்கூட எனக்கு இப்படி ஆகல." பிறகு, "அமுக்கிட்டேன். போயிட்ட. அழாதடி."

"அழலை மாமா" என்றாள், அழுதுகொண்டே.

இன்னாசிமேரியும் வெளியே போனாள். அந்த இரண்டு செய்திகளையும் மாமா தேடிப் பிடித்து அழித்தார். நடுவில் நர்ஸம்மா போனை வைக்கச் சொன்னதற்கு, வண்டி கிளம்புகிற நேரத்தில் கார்டைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகுதான் பெரிய வேலை. எத்தனை பேர் லிங்கைத் தொட்டார்களோ! அக்சிலியாவும் இன்னாசிமேரியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். கேள்வி ஒன்றுதான். தொட்டீர்களா, தொட்டுவிட்டுப் பாஸ்வேர்டு போட்டீர்களா? போட்டவர்கள் அந்த மெஷினைத் தொடாமல் வேறொன்றில் போய் உடனே மாற்ற வேண்டும். எதையாவது ஏற்றியிருந்தால் தெரிந்தவர்களிடம் கொடுத்துத் துடைக்க வேண்டும்.

கேட்கப்போனது ஒன்று, கேட்டு வந்தது வேறு. பொன்மலையிலிருந்து ஒருத்தி சொன்னாள், செத்தது கோயில் பாட்டு வாத்தியார் என்று நினைத்து அமுக்கினாளாம். பெங்களூரில் ஒருவர், வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிற தன் சொந்தத் தம்பி என்று நினைத்தாராம். அன்றைக்கே தம்பியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டாராம். வாழப்பாடியில் இருக்கிற சாலம்மாள், "உன் பேர்லதான் வந்துச்சு, ஆனாலும் நீதான் போயிட்டேன்னு நெனைச்சேன்" என்றாள்.

"என் பேர்ல வந்தா நான் எப்படிக்கா சாவேன்?"

"உன் சாவுக்கும் அஞ்சலி நீதான அடிக்கணும்?" என்றாள் சாலம்மாள்.

ஒரே குழுவில் இத்தனை வருஷம் இருந்தும் இவர்களில் பாதிப் பேரின் குரலை அக்சிலியா கேட்டதே இல்லை. படம் போட்டாள், அவர்கள் கை கூப்பினார்கள், அதோடு சரி. இப்போது குரலைக் கேட்டதும் வீடு வீடாகத் திரும்பி வந்தது. கரிச்சிட்டம் அள்ளப் போய்க் காலைச் சுட்டுக்கொண்ட கதை ஒருவர் சொன்னார். அவள் அப்பா கொடியை ஆட்டிக்கொண்டே தூங்கிவிழுந்ததை ஒருவர் சொன்னார். அந்தக் கதை அவளுக்கே தெரியாது. போன் சூடாகிக் காது எரிந்தது. வைக்க மனசு வரவில்லை.

தமிழரசு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வீடியோச் சாமான் உள்ளே ஒளிந்திருந்து, அவள் அடிக்கிற ஒவ்வோர் எழுத்தையும் ஒட்டுக் கேட்கக்கூடும் என்றார். படங்களை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துத் தனி டிஸ்கில் போட்டுவிட்டு, மெஷினை அடியோடு துடைத்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தார்.

"படத்துக்கு ஒரு நகல் எப்பவும் வெளிய இருக்கணும். டிஸ்கை மெஷினோட சொருகியே வெக்காதீங்க. ஒண்ணு கெட்டா ரெண்டும் கெட்டுப்போகும். அப்புறம் பாஸ்வேர்டு மட்டும் போதாது. போனுக்கு நம்பர் வந்தாத்தான் உள்ள விடற மாதிரி ரெண்டாவது பூட்டு ஒண்ணு இருக்குது. அதைப் போட்டுத் தாரேன்."

"அது தெனமும் நம்பர் கேக்குமா?"

"புது மெஷின்ல இருந்து வந்தா கேக்குங்க. கேக்கட்டுமே?"

"கேட்டா எரிச்சலா இருக்கும்."

"அன்னைக்குக் கேட்டிருந்தா இந்த எரிச்சலே இல்லைங்களே?"

அக்சிலியா தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். வாயால் அவள் ஒத்துக்கொண்டதாகச் சூரமங்கலத்தில் யாரும் கேட்டதில்லை.

பழைய கணக்கு கைக்கு வரவில்லை. புதிதாக ஒன்று ஆரம்பித்து, குழுவில் சேரக் கேட்டு எழுதினாள். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. இன்னாசிமேரியும் வெளியேதான் நின்றாள். உள்ளே என்ன நடக்கிறது என்று சாலம்மாள்தான் போனில் சொல்வாள். குடில் படத்தை யாரோ மறுபடியும் மேலே கொண்டுவந்தார்களாம், மலைக்குப் பின்னால் நிற்கிற பொம்மை ஆடா நாயா என்று ஒரே சண்டையாம். அது ஆடு என்று அக்சிலியாவுக்குத் தெரியும், கால் ஒடிந்த ஆடு, அப்பாதான் கம்பி கட்டினார். சொல்ல முடியவில்லை. தான் கட்டின வீட்டு வாசலில் நின்று உள்ளே கேட்கிற பேச்சுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் மாமாவைக் கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார், குரலில் தெம்பு ஏறியிருந்தது.

"மாமா, நான் வாசல்ல நிக்கறேன்."

"பார்த்தேன். கேள்விக்குப் பதில் எழுதல நீ."

"எந்தக் கேள்வி?"

"சேர வர்றவங்களுக்கு நீதான ஒரு கேள்வி வெச்சிருக்க? குழாயடியில உங்க ஊட்டுக் குடத்துக்கு முன்னால யார் ஊட்டுக் குடம் இருக்கும்னு. வெளியாள் எவனும் சொல்ல முடியாதுன்னு நீதான பெருமையடிச்ச?"

"என்னையே கேக்கறீங்களா? என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

"போன்ல வர்றது உன் குரல். வாசல்ல நிக்கறது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? எழுது, பாக்கறேன்."

அக்சிலியாவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எழுதினாள்:

'இன்னாசிமேரி வீட்டுக் குடம். நியாயமாக வரிசையில் வந்ததில்லை. எங்கள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத்தான் வைப்பார்கள்.'

கதவு திறந்தது. உள்ளே எல்லாவற்றுக்கும் மேலே மாமா ஓர் அறிவிப்பு எழுதி வைத்திருந்தார். சாவுச் செய்தி போடுகிறவர்கள் இறந்தவர் பெயர், வீடு, பேசுவதற்கு ஒரு போன் நம்பர் மூன்றையும் எழுத்தில் போட வேண்டும், லிங்க் போட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடப்படும், சொந்தம் பந்தம் பார்க்கப்படாது என்று இருந்தது. அதற்குக் கீழே, அக்சிலியா வந்த தகவலோடு அவள் எழுதின பதிலையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டிருந்தார் அந்த மனுஷன்.

சாயங்காலம் இன்னாசிமேரியும் உள்ளே வந்தாள். வந்ததும் வணக்கமில்லை, தோத்திரமில்லை.

'பொய். விடியும் முன்னே எழுந்து குடம் வைத்தது எங்கம்மா. அக்சிலியா வீட்டில் யாரும் வெயில் வருமுன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது.'

சாட்சிகள் வர ஆரம்பித்தார்கள். பொன்மலை ஒரு பக்கம், பெங்களூர் ஒரு பக்கம். அக்சிலியா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பதில் அடிக்கத் தொடங்கினாள்.